ரெண்டு போலீஸ், ஒரு கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஹாலிவுட் ஜோடி போலீஸ் படங்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளவும். "ரீல்ஸில் ஒரு சீன் பார்த்தேன், ஒருத்தர் கறுப்பு, ஒருத்தர் வெள்ளை, படம் பேர் சொல்லுங்க" என்று எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அடையாளத்துக்கு நூறு படம் இருக்கிறது.

'48 ஹவர்ஸ்' படத்தில் எட்டி மர்ஃபி எந்த ஊர் போலீஸ்? (ஈரோடு)

போலீஸே இல்லை ஐயா, கைதி. நிக் நோல்டே அவரை 48 மணி நேரத்துக்கு ஜெயிலிலிருந்து வெளியே கூட்டி வருகிறார், தலைப்பே அதுதான். துண்டு துண்டாகப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். உங்களைக் குழப்பியது அந்த மதுக்கடைக் காட்சியாக இருக்கும். கௌபாய் தொப்பிக்காரர்கள் நிறைந்த கடைக்குள் மர்ஃபி நோல்டேயின் பேட்ஜை வாங்கிக்கொண்டு நுழைவார், கண்ணாடியில் டம்ளரை வீசி உடைப்பார், அப்புறம் மொத்தக் கடையையும் வாயாலேயே மடக்குவார். அப்போது அவருக்கு 21 வயது, அதுதான் முதல் படம். தன்னை இத்தனை நாள் பிடித்து உலுக்கிய போலீஸ்காரர்களை அப்படியே திருப்பி நடிக்கிறான் அந்தக் கைதி. அதில்தான் காட்சியின் ருசி. இது தெரியாமல் பார்த்தால் வெறும் அதட்டலாகத்தான் தெரியும்.

இந்த வகையில் முதல் படம் எது? (சேலம்)

'முதல்' என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஆனால் எலும்புக்கூடு 1949-லேயே இருக்கிறது, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ஸ்ட்ரே டாக்'. இளம் துப்பறிவாளனாக மிஃபுனே, கூட்டமான பஸ்ஸில் துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டு டோக்கியோ வெயிலில் தேடி அலைவார். துணைக்கு வருவது பழுத்த அனுபவசாலியான ஷிமுரா. பெரியவர் சின்னவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் பீர் ஊற்றிக் கொடுப்பார், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிற்பாடு வந்த ஜோடிப் படங்களில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இன்னொருவர் கூச்சத்தோடு உட்காருவாரே, அதன் மூதாதை இந்தக் காட்சி. ஆனால் இதில் காமெடி கிடையாது.

1967-ல் 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. மிசிசிப்பி மாநிலத்துச் சின்ன ஊர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்த சிட்னி பாய்ட்டியரைக் கறுப்பர் என்பதாலேயே கொலைக்குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்த பிறகுதான் அவரே பிலடெல்பியா துப்பறிவாளர் என்று தெரியும். 1974-ல் 'ஃப்ரீபி அண்ட் தி பீன்', சான் பிரான்சிஸ்கோவில் கார் பறந்து போய் ஒரு வயதான தம்பதியின் படுக்கையறைக்குள் விழும். சிரிப்பும் கார் உடைப்பும் அங்கே சேர்ந்துவிட்டன. மற்றவர்கள் காப்பியடிக்கத் தோதான அச்சாக அதை வார்த்துக் கொடுத்தது 1982-ல் வந்த '48 ஹவர்ஸ்'. இயக்கியவர் வால்டர் ஹில்.

'லெத்தல் வெப்பன்' நாலு பாகத்தையும் பார்க்கணுமா? நான் நாலாவதிலிருந்து ஆரம்பித்தேன், பிடிக்கவில்லை. (நாகர்கோவில்)

நாலாவதிலிருந்து ஆரம்பித்தால் யாருக்குப் பிடிக்கும்? ஜெட் லீக்காகப் பார்த்திருப்பீர்கள், அது புரிகிறது. 1998-ல் அவர் ஹாலிவுட்டுக்கு வந்த முதல் படம், வில்லன். ஆனால் அதற்குள் அந்த இரண்டு போலீஸ்காரர்கள், ரிக்ஸும் மர்டாவும், குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள், உரசல் போய்விட்டது, கூட்டமாக நின்று கூச்சல் போடுகிறார்கள்.

முதல் பாகத்தைப் பாருங்கள், 1987. மர்டாவை முதலில் பார்ப்பது குளியல் தொட்டியில். மனைவி பிள்ளைகள் எல்லாம் கேக்கோடு உள்ளே நுழைந்து ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறார்கள். (மர்டாவாக நடித்த டேனி க்ளோவருக்கு அப்போது நாற்பதுதான்.) ரிக்ஸ் கடற்கரையோர டிரெய்லரில் ஒரு நாயோடு தனியாக இருப்பவன். மனைவி இறந்துவிட்டாள். டிவியில் பக்ஸ் பன்னி கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்க, கல்யாண போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியை வாய்க்குள் விடுவான். காமெடிப் படத்தில் இப்படி ஒரு காட்சி! சாகத் துணிந்த ஒருத்தனையும், ஓய்வு வரைக்கும் உயிரோடு இருந்தால் போதும் என்கிற ஒருத்தரையும் ஒரே காரில் ஏற்றிவிட்டால் ஜோக் தனியாக எழுத வேண்டியதில்லை, அதுவாகவே வரும். கடைசியில் தற்கொலைக்காக வைத்திருந்த அந்தத் தோட்டாவை ரிக்ஸ் கிறிஸ்துமஸ் பரிசாக மர்டாவின் மகளிடம் கொடுத்துவிட்டுப் போவான், அப்பாவிடம் கொடு என்று. எழுதிய ஷேன் பிளாக்குக்கு இருபதைத் தாண்டிச் சில வயதுதான். ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்தார்கள், 12 கோடி வசூல்.

இரண்டாம் பாகத்தில் ரிக்ஸைச் சாகடித்து முடிக்கலாம் என்று பிளாக் எழுதிக் கொடுத்தார், ஸ்டூடியோ ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

'கிரேஸி ஃப்ராக்' ரிங்டோனைத் திருடித்தான் 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்துக்கு இசை போட்டார்களா? (புதுச்சேரி)

தலைகீழ். படம் 1984, ஹரால்ட் ஃபால்டர்மேயர் சிந்தசைசரில் போட்ட 'ஆக்ஸல் எஃப்'. தவளை வந்தது 2005-ல். எழுதுவதற்கு முன்னால் வருஷத்தையாவது பார்க்கக் கூடாதா?

படத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்டலோன் நடிக்க இருந்தது. படப்பிடிப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது விலகிக்கொண்டார், மர்ஃபி வந்தார். தன்னைக் கண்காணிக்க ஹோட்டல் வாசலில் காரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு போலீஸ்காரர்களுக்கு ரூம் சர்வீஸில் சாப்பாடு அனுப்பிவிட்டு, அவர்கள் சாப்பிடும் நேரத்தில் புகைக்குழாயில் வாழைப்பழத்தைச் சொருகிவிட்டுப் போவார். ஸ்டலோன் நடித்திருந்தால் அந்தக் காரையே கொளுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தமிழில் ஜோடி போலீஸ் படம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். 'சிங்கம்' படத்தில் சூர்யாவும் விவேக்கும் அதுதானே? (திருநெல்வேலி)

அதுவே இல்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது இதைக் கேட்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. விவேக் மேல் குறை இல்லை, ஏட்டு எரிமலை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் துரைசிங்கம் வில்லனைப் பிடித்துவிடுவார். படம் அரை மணி நேரம் குறையும், அவ்வளவுதான். மர்டாவை எடுத்துவிட்டால் ரிக்ஸ் கிறிஸ்துமஸைத் தாண்டியிருக்க மாட்டான்.

ஜோடி என்றால் இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லும் உரிமை இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் முட்டாளாகும் உரிமையும் இருக்க வேண்டும். நம்ம ஊரில் முதல் உரிமை ஹீரோவுக்கு, இரண்டாவது காமெடியனுக்கு என்று பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது. 'தங்கப்பதக்கம்' காலத்திலிருந்து போலீஸ் என்றால் தனி ஆள். அவர் சல்யூட் அடித்தால் பின்னணி இசை எழும்ப வேண்டும். அவர் அடி வாங்கலாம், குண்டடி படலாம், அசடு வழியக் கூடாது. '48 ஹவர்ஸ்' படத்தில் நோல்டே ஒரு அசிங்கமான ஆள். மர்ஃபியை வாய்கூசும் இனவசைகளால் திட்டுகிறார், தெருவில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு இடத்தில் மன்னிப்புக் கேட்கிறார், உன்னை அடக்கி வைப்பது என் வேலை, அதற்காகப் பேசினேன் என்கிற மாதிரி. வேலை என்பது எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடாது என்று மர்ஃபி திருப்பிக் கொடுக்கிறார். நம்ம ஹீரோ ஒருவர் தன் ஏட்டிடம் இப்படி மன்னிப்புக் கேட்டு, ஏட்டு அதைப் பாதிதான் ஏற்றுக்கொண்டதாக ஒரு காட்சி சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

'குருதிப்புனல்' சொல்வீர்கள், தெரியும். 1995, கமலும் அர்ஜுனும், சம எடை, அருமையான படம். அதில் யார் சிரித்தார்கள்? 'விக்ரம் வேதா'வில் எடை சமம், ஆனால் அது துரத்தல் கதை, கூட்டு இல்லை. இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்தால் யாருக்கு எத்தனை பாட்டு, யாருடைய பெயர் முதலில் என்கிற கணக்கு வந்துவிடுகிறது. ஒருவரை இன்னொருவர் கிண்டல் செய்தால் ரசிகர்கள் சும்மா விடுவதில்லை. அதனால்தான் பயந்து போய் ஹீரோ-காமெடியன் என்கிற பழைய தடத்துக்கே ஓடிவிடுகிறார்கள்.

பக்கத்து ஊரில், மலையாளத்தில் செய்திருக்கிறார்கள். 'நாடோடிக்காற்று', 1987. துபாய் என்று நம்பி மெட்ராஸ் கரையில் வந்து இறங்கும் தாசனும் விஜயனும், மோகன்லாலும் ஸ்ரீனிவாசனும். கடைசியில்தான் போலீஸ் வேலை. பிறகு 1988-லும் 1990-லும் சிஐடிகளாகவே இரண்டு படம். தாசனுக்கு பி.காம். முதல் வகுப்பு என்ற கர்வம், விஜயனுக்கு அவன்மேல் தீராத பொறாமை. மோகன்லால் பெரிய நட்சத்திரம் என்பதற்காக யாரும் விஜயனைக் குறுக்கவில்லை, திரைக்கதை எழுதியதே ஸ்ரீனிவாசன்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தமிழில் அதைப் பாண்டியராஜனையும் எஸ்.வி. சேகரையும் வைத்து 'கதாநாயகன்' என்று எடுத்தார்கள். அதைத் தொடர்ந்து வளர்த்திருக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. இனிமேல் ஏட்டு காமெடியை ஜோடி என்று எழுதி அனுப்பாதீர்கள்.

ஜாக்கி சான் ஹாலிவுட்டைப் பார்த்துக் காப்பியடித்துத்தான் 'ரஷ் ஹவர்' செய்தாரா? (கோவை)

'ரஷ் ஹவர்' ஹாலிவுட் படமேதான், 1998. காப்பி என்று பார்த்தால் கணக்கு மறுபக்கம் போகும். 1985-ல் 'தி புரொடெக்டர்' என்று ஒரு ஜோடி போலீஸ் படத்தில் ஜாக்கியை அமெரிக்கர்கள் நடிக்க வைத்தார்கள். சண்டை எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை, ஹாங்காங்குக்கென்று தானே சில காட்சிகளை எடுத்து, வெட்டி ஒட்டி வெளியிட்டார். அந்தக் கடுப்போடு அதே வருஷம் எடுத்ததுதான் 'போலீஸ் ஸ்டோரி'. அது ஜோடிப் படம் இல்லை, ஆனால் ஜோடிப் படங்கள் அதிலிருந்து அள்ளிக்கொண்டன. ஓடி வரும் பஸ்ஸுக்கு முன்னால் ஜாக்கி துப்பாக்கியோடு நிற்பார், பஸ் நிற்கும், மேல்தட்டில் இருந்த அடியாட்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் வந்து விழுவார்கள். 1989-ல் 'டேங்கோ அண்ட் கேஷ்' ஆரம்பத்தில் ஸ்டலோன் லாரி முன்னால் நிற்பதைப் பாருங்கள். 'போலீஸ் ஸ்டோரி'யில் மலைச்சரிவுக் குடிசைகளுக்கு நடுவே கார்கள் இறங்கும் காட்சி, 2003-ல் 'பேட் பாய்ஸ் 2' படத்திலும் இருக்கிறது. முழுப் படமாகப் பாருங்கள், ரீல்ஸில் பஸ் மட்டும்தான் வரும், ஆட்கள் விழுவதற்குள் வெட்டிவிடுவார்கள்.

ஒரு உபரித் தகவல்: ராட்டன் டொமேட்டோஸ் தளம் பிறந்தது ஒரு ஜாக்கி ரசிகரால். 'ரஷ் ஹவர்' வரும்போது விமர்சனங்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

பெண் போலீஸ் ஜோடி? (மதுரை)

'எஸ், மேடம்', 1985, ஹாங்காங். மிஷெல் யோவும் சிந்தியா ராத்ராக்கும். ஹாலிவுட்டில் 'தி ஹீட்', 2013. நாலு கோடி டாலர் போட்டு இருபது கோடிக்கு மேல் எடுத்தார்கள். ஆனாலும் அடுத்த பாகம் வரவில்லை.

நாய் போலீஸ்? (மதுரை, அதே வாசகர்)

1989-லேயே இரண்டு: 'கே-9', 'டர்னர் அண்ட் ஹூச்'. ஒரு சில மாத இடைவெளி.

சட்டத்தை மீறும் போலீஸை இன்றைக்கும் பார்த்துச் சிரிக்கலாமா? (யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. சிலதில் முடியவில்லை. 'ஃப்ரீபி அண்ட் தி பீன்' ஜோக்குகளில் பாதி இப்போது முகம் சுளிக்க வைக்கிறது. கத்துகிற கேப்டன், பறிக்கப்படும் பேட்ஜ், ஆனாலும் நம்மாள் செய்ததுதான் சரி என்று முடிவது, இதெல்லாம் அத்துமீறலுக்குச் சர்க்கரை தடவுவதுதான். அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன படம் 'ஹாட் ஃபஸ்', 2007. எட்கர் ரைட் இங்கிலாந்தில் தன் சொந்த ஊரான வெல்ஸிலேயே எடுத்தார். அதில் இரண்டு போலீஸ்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து 'பேட் பாய்ஸ் 2' பார்ப்பார்கள், பிறகு தங்கள் கிராமத்தில் அதே மாதிரி சுட்டுத் தள்ளுவார்கள், அதற்கப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்து அத்தனைக்கும் காகித வேலை பார்ப்பார்கள்.

குறும்படத்துக்கு ரெண்டு போலீஸ் கதை எழுதியிருக்கிறேன், எல்லா சீனிலும் சண்டை, பஞ்ச் டயலாக். படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா? (சென்னை)

முடியாது தம்பி. சண்டை எதற்காக என்று நீங்கள் எழுதவே இல்லையே. 'மிட்நைட் ரன்' பாருங்கள், 1988. டி நீரோ முன்னாள் போலீஸ், அவர் பிடித்துக் கூட்டிப் போகும் சார்லஸ் க்ரோடின் மாஃபியா பணத்தை எடுத்துத் தர்மம் செய்த கணக்குப்பிள்ளை. சிகரெட், சாப்பாடு, டிப்ஸ் என்று வழியெல்லாம் அற்பச் சண்டை. நடுவில் செலவுக்குப் பணம் கேட்க டி நீரோ பிரிந்த மனைவி வீட்டுக்குப் போவார், பல வருஷம் பார்க்காத மகள் தான் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள், அவர் வாங்க மாட்டார். க்ரோடின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரே ஒரு காட்சியை எழுதுங்கள், பஞ்ச் டயலாக்கில் பாதி தானாக உதிரும். நாலாம் பாகங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள், மேலேயே சொன்னேன்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எது? (தஞ்சாவூர்)

'ரஷ் ஹவர்'. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றில் கெட்ட வார்த்தை மழை, சப்டைட்டில் போட்டால் இன்னும் மோசம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஜாக்கி தப்பு விடுவதும் கிறிஸ் டக்கர் வசனம் மறப்பதும் அங்கேதான் இருக்கிறது.