முன்பதிவா, இலவச முகாமா? ஆஸ்திரேலியாவில் கேரவன் பயணம்: கேள்வி பதில்

மெல்பர்னில் வசிக்கிறேன். நானும் கணவரும் 18 அடி கேரவன் ஒன்றை, அதாவது சக்கரம் வைத்த சிறு வீட்டை, காரில் இழுத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகளாக இந்த நாட்டைச் சுற்றி வருகிறோம். இரவு எங்கே தங்குவது என்று கேட்டு வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, டிசம்பர் கடைசியில் வாடகைக்குக் கேரவன் எடுத்து முதல்முறையாகப் போகிறோம். ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள். எல்லா இரவுக்கும் முன்பதிவு வேண்டுமா? (மெல்பர்ன்)

வேண்டும் தம்பி. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 26 வரை கடற்கரை ஊர்களில் கேரவன் பார்க்குகள் (கேரவனை நிறுத்திக் கட்டணம் கட்டித் தங்கும் இடங்கள்) நிரம்பி வழியும். பொங்கலும் அந்த விடுமுறைக்குள்தான் வருகிறது. நம்மவர்கள் பலர் அந்த வாரத்தில் கிளம்பிவிட்டு இடமின்றித் திரும்புகிறார்கள். விக்டோரியாவின் வில்சன்ஸ் ப்ரோமன்டரி தேசியப் பூங்காவில் உள்ள டைடல் ரிவர் முகாமில் அந்த உச்ச நாட்களுக்கான இடங்களைப் பல மாதங்களுக்கு முன்பே குலுக்கல் முறையில் ஒதுக்கிவிடுகிறார்கள். டிசம்பரில் தேடினால் அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரவுக்கு ஓர் ஊர் என்று பதிவு செய்யாதீர்கள். கேரவனைக் கழற்றி, மட்டம் பார்த்து நிறுத்தி, மறுநாள் காலை மீண்டும் பூட்டுவது புதியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேர வேலை. ஓர் இடத்தில் மூன்று இரவாவது இருங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று அதில் இருந்தால் பல இலவச முகாம்கள் உங்களுக்கு இல்லை என்றே பொருள்.

ஆஸ்திரேலியாவில் சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா? (சிட்னி)

இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும். வடக்குப் பிரதேசத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றில் 24 மணி நேரம் தங்கலாம் என்று பலகையே வைத்திருப்பார்கள். குயின்ஸ்லாந்தில் பொதுவாக 20 மணி நேரம். ஆனால் பைரன் பே, நூசா போன்ற கடற்கரை ஊர்களில் தெருவில் தூங்கினால் அபராதம் உண்டு. அந்த இடத்தில் நிற்கும் பலகை சொல்வதுதான் விதி. முகாம் தேடும் செயலியில் யாரோ இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்பு விதி ஆகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கட்டணம் இல்லை என்பதும் பதிவு தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காக்களின் முகாம்களுக்கு, கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அங்கே போனபின் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல பூங்காக்களுக்குள் அலைபேசிச் சமிக்ஞையே கிடைக்காது.

இணையத்தில் 'இடமில்லை' என்று காட்டுகிறது. நேரில் போனால் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. ஏன் இப்படி? (ஜிலாங்)

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. விக்டோரியா அரசு 2024 டிசம்பரிலிருந்து 2025 ஜூன் வரை மாநிலப் பூங்கா முகாம்களின் கட்டணத்தை நீக்கியது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம். பணமில்லாத குடும்பமும் காட்டில் ஒரு வாரம் இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். நடந்தது வேறு. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் மூன்று இடங்களில் பதிவு செய்துவிட்டுப் போகும்போது ஒன்றைத் தேர்ந்தார்கள். மற்ற இரண்டையும் ரத்து செய்யவில்லை. 'பேய்ப் பதிவு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. உள்ளே காலி இடம், வாசலில் திரும்பிப் போகும் குடும்பம். அந்தக் கோடையில் ஒரு முகாமில் எங்களைச் சுற்றி ஆறு இடங்கள் மூன்று இரவும் வெறுமையாகவே கிடந்தன.

நீங்கள் செய்யக்கூடியது: புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பும் முந்தின நாள் மாலையும் பதிவுத் தளத்தைப் பாருங்கள். மழை வரும் என்று வானிலை அறிவிப்பு வந்ததும் ரத்துகள் குவியும்; எங்களுக்குக் கிடைத்த நல்ல இடங்கள் பல அப்படி வந்தவை.

அம்மா, பணி ஓய்வு பெற்றுவிட்டோம். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கு ஆஸ்திரேலியா. எல்லாவற்றையும் பதிவு செய்தால் பயணம் கால அட்டவணை ஆகிவிடும் என்கிறார் இவர். எதையும் பதிவு செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. (பிரிஸ்பேன்)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாடு கட்ட முளை அடிப்பதுபோல நாலு முளை அடித்துக்கொள்ளுங்கள். இடையில் கயிறு தளர்வாக இருக்கட்டும்.

எந்த இடத்துக்காகவே இவ்வளவு தூரம் போகிறீர்களோ அதைப் பதிவு செய்யுங்கள். நிங்கலூ பவளத்திட்டைக் கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம்; அதை ஒட்டிய கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் முகாம்களுக்கு 180 நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கும். நல்ல நாட்கள் திறந்த உடனே போய்விடும். ஜூலையில் வேண்டுமென்றால் ஜனவரியிலேயே நாள்காட்டியில் குறித்துவைத்துக் காலையில் உட்காருங்கள். புரூம் நகருக்கு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால், கட்டாயம் பதிவு வேண்டும். தெற்கின் குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். எஸ்பரன்ஸ் பக்கம் போனால் லக்கி பே முகாமும் அப்படியே. பள்ளி விடுமுறை நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நீங்கள் கடக்கும் மாநிலத்தின் தேதிகளைப் பாருங்கள்.

மற்ற இரவுகளுக்குப் பதிவே வேண்டாம். முளைக்கும் முளைக்கும் நடுவே கணக்குக்கு மேல் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். டயர் வெடிக்கும், காற்று எதிரே அடிக்கும், அல்லது ஓர் ஆற்றங்கரை பிடித்துப்போகும். அந்த உபரி நாட்கள் இருந்தால் உங்கள் கணவரும் நிம்மதியாக இருப்பார்.

நல்லார்போர் சமவெளியைக் கடக்கிறோம். வழியில் எங்கே பதிவு செய்வது? (அடிலெய்டு)

தேவையில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நோர்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். இடையில் பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த தங்குமிடங்களும், சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஓய்விடங்களும் உண்டு. மூன்று மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். நாங்கள் முதல் பயணத்தில் இன்னும் ஐம்பது கிலோமீட்டர், இன்னும் ஐம்பது என்று ஓட்டி, அந்திக் கருக்கலில் கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்ததில் மயிரிழையில் தப்பினோம். அன்றோடு இருட்டு ஓட்டத்தை விட்டோம்.

லாரிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்தாதீர்கள். நீண்ட தொடர் லாரியை ஓட்டிவரும் மனிதர் தூங்க வேறு இடம் தேடிப் போக முடியாது. நமக்கு அது ஓர் இரவு வசதி, அவருக்கு உயிர்.

மேற்கே போகும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். கிழக்கே திரும்பும்போது செடூனாவில் பழங்களுக்குச் சோதனை. வீட்டுக் கறிவேப்பிலையையும் மறைக்காமல் காட்டிவிடுங்கள். முந்தின இரவே காய்களைச் சாம்பாராக வைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

மின் இணைப்பு இல்லாத முகாமில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்? மிக்ஸியும் ரைஸ் குக்கரும் ஓடுமா? (பெர்த்)

100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 80 முதல் 90 வரை பயன்படுத்தலாம். ஆம்பியர்-மணி என்பது பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு; கீழே மின் செலவுக்குச் சொல்லும் எண்களும் அதே அலகில்தான். பழைய ஈய அமில வகையென்றால் பாதியோடு நிறுத்த வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஏறக்குறைய 40 எடுக்கும். விளக்கு, தண்ணீர்ப் பம்ப், போன் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து. வெயில் இல்லாவிட்டால் ஒன்றரை நாள். 200 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் 50 வரை திருப்பித் தரும். அப்போது பேட்டரி ஒரு பிரச்சினையே இல்லை.

ரைஸ் குக்கர் ஒரு முறை சோறு வைத்தால் 30 போய்விடும். கேஸ் அடுப்பில் வடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸிக்குப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும்; தேங்காயை மின் இணைப்பு உள்ள இரவில் அரைத்து உறைய வையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுக் கதவடைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

முதலில் தீருவது தண்ணீர்தான். நால்வர் சிக்கனமாக இருந்தாலும் நாளுக்கு 40 லிட்டர் ஆகும். அரிசி கழுவிய நீரை ஒரு வாளியில் பிடித்துவைத்துப் பாத்திரத்தின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்துகிறேன்.

கழிப்பறைக் கழிவை இலவச முகாமின் குழிக் கழிப்பறையில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அந்தக் குழிகளில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கேரவன் கழிப்பறை ரசாயனம் கொன்றுவிடும். ஊர்களில் 'டம்ப் பாயின்ட்' என்ற கழிவு வெளியேற்றுமிடம் இருக்கும், பெரும்பாலும் கட்டணமில்லை. புதருக்குள் காகிதமும் மலமும் கிடந்ததால் நகராட்சி கம்பி வைத்து மூடிய ஆற்றங்கரைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாளை வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கரை இல்லாமல் போயிற்று.

உலுருவுக்குப் பக்கத்தில் இலவசமாகத் தங்கலாமா?

தேசியப் பூங்காவுக்குள் தங்க அனுமதியே இல்லை. பூங்காவுக்கு வெளியே யுலாராவில் கட்டண முகாம் இருக்கிறது. குளிர்கால மாதங்களில் பதிவு செய்துவிட்டே போங்கள். உலுரு அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித நிலம். விதியை வளைக்கும் இடமல்ல.

அக்கா, நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். இலவச முகாம் பாதுகாப்பானதா? (கான்பெரா)

பல தனிப் பெண்களைச் சாலையில் சந்தித்திருக்கிறேன், அச்சத்தால் நின்றுவிடாதீர்கள். முதல் ஆண்டு சிற்றூர்களின் ஷோகிரவுண்டில் தங்குங்கள். விவசாயக் கண்காட்சி நடக்கும் மைதானம் அது. மற்ற நாட்களில் குறைந்த கட்டணத்தில் மின்சாரமும் குளியலறையும் தருவார்கள், பராமரிப்பாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் முன்பதிவும் வேண்டாம். சில ஊர்களில் மதுக்கடைக்காரர்கள் கடையின் பின்புற மைதானத்தில் தங்கவிட்டு, இரவு உணவை அங்கே வாங்கினால் போதும் என்பார்கள். நல்ல குடும்பங்கள் நடத்துபவை பல உண்டு.

ஓய்விடத்துக்குப் பகலில் போய்ச் சேருங்கள். வண்டியின் முகம் வெளி வழியைப் பார்க்கட்டும். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் UHF வானொலிக் கருவியில் 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் இருப்பார்கள், 18-இல் கேரவன்காரர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுங்கள்.

நாளைக்கு ஒரு முகாமில் பணம் கட்டிப் பதிவு செய்திருக்கிறோம். ஆனால் இன்று வந்த இலவச ஆற்றங்கரை பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இங்கேயே இருந்துவிடலாமா? கட்டிய பணம் வீண்தானே, அப்படியே விட்டுவிடலாமா? (சிட்னி)

தாராளமாக இருங்கள், பலகை இன்னொரு இரவுக்கு அனுமதித்தால் போதும். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பணம் திரும்பி வராவிட்டாலும் இப்போதே முகாமுக்குத் தொலைபேசியில் அழைத்து, நாங்கள் வரவில்லை என்று சொல்லுங்கள். சமிக்ஞை இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய் அழையுங்கள். நண்பகலுக்குள் சொன்னால், மாலையில் களைத்து வரும் ஒரு குடும்பத்துக்கு அந்த இடம் கிடைக்கும்.