டார்ச் லைட்டுக்கு பட்டன் எங்கே இருக்க வேண்டும்?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால் எழுந்துபோய் மோட்டார் போட வேண்டும். அதற்காக வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜூம் டார்ச் வாங்கினேன், பின்பக்கம் பட்டன். ஒருமுறை அமுக்கினால் பளிச்சென்று எரிகிறது. அடுத்தமுறை மங்கலாக எரிகிறது. அதற்கடுத்த முறை பட் பட்டென்று மின்னுகிறது. ரிப்பேர்க் கடையில் "சுவிட்ச் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா? — அணைக்கட்டு விவசாயி

பதில்: ஆகாது. காசை வீணாக்காதீர்கள். சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. தலைப்பகுதியில் எல்.இ.டி.க்குப் பின்னால் சின்னதாக ஒரு சர்க்யூட் இருக்கும். கரண்ட் ஒரு கணம் அறுந்து மறுபடி வந்தால், 'அடுத்த மோடு கேட்கிறார்' என்று அது எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் தரமான சர்க்யூட் என்றால், சில விநாடி அணைந்து கிடந்ததும் பழையபடி முதல் வெளிச்சத்திலேயே தொடங்கும், அல்லது நீங்கள் கடைசியாக வைத்த வெளிச்சத்தில் தொடங்கும். மலிவான சர்க்யூட், நேற்று ராத்திரி அணைத்ததையும் 'ஒரு கணம் அறுந்தது' என்றே கணக்கு வைத்து, இன்று அடுத்த மோடுக்குத் தாவும். உங்களுடையது இந்த ரகம்.

இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. டார்ச்சை ஆணியில் மாட்டும் முன் பட்டனை லேசாகத் தட்டித் தட்டி மின்னுகிற மோடுக்குக் கொண்டுவந்து, அங்கே அணையுங்கள். மூன்று மோடுதான் இருக்கிறதென்றால் மறுமுறை போடும்போது முழு வெளிச்சம் வரும். வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் நடமாடுகிற நேரத்தில் வரப்பில் நின்று சோதிக்கிற வேலை இல்லை இது.

அடுத்து வாங்குவதற்கு: முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள். வரப்பில் நடக்கும்போது கை கீழே தொங்கும், டார்ச் தொடைப்பக்கம் இருக்கும், வெளிச்சம் காலடிக்கு முன்னால் விழும். அந்தப் பிடியில் கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடம் டார்ச்சின் பக்கவாட்டு. பின்பக்க பட்டனை அமுக்க வேண்டுமென்றால் பிடியை மாற்றித் தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரோந்து போகிறவர்களுக்கு அந்தப் பிடி சரி. ஒரு கையில் மண்வெட்டியோ குடையோ இருக்கிறவருக்குச் சரிவராது. ஆகவே உங்களுக்குப் பக்கவாட்டு சுவிட்ச்தான். 'சிங்கிள் மோடு' என்று கேட்டுப் பாருங்கள். அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும், வேறு வித்தை கிடையாது. கேட்டால் சில கடைகளில் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள்.

பழைய தள்ளு சுவிட்ச் டார்ச்சையும் நான் ஒதுக்கமாட்டேன். விரலால் தடவினாலே போட்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், கையில் சேறு இருந்தாலும் வேலை செய்யும். குறை என்னவென்றால், தள்ளுவதற்கு ஒரு திறப்பு இருந்தாக வேண்டும். அது வழியாகத் தண்ணீரும் தூசியும் போகும், உள்ளே தகடு கறுத்து வெளிச்சம் நடுங்கும். மோட்டார் கொட்டகையில் வைத்துக்கொள்ள நல்லது, ஐப்பசி மழையில் எடுத்துப்போக ஆகாது. ஜூமுக்கும் அதே கதைதான். தலையை முன்னும் பின்னும் இழுக்கிற டார்ச்சில் தண்ணீர் புகாமல் அடைப்பது கடினம். இப்போது கையில் இருப்பதைப் பயன்படுத்தும்வரை வெளிச்சத்தை விரித்தே வையுங்கள். குவித்தால் தூரத்துத் தென்னை தெரியும், காலடி தெரியாது.

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன், மருத்துவமனையில் நைட் டியூட்டி. வார்டில் டிரிப்ஸ் பாட்டிலையும் சார்ட்டையும் பார்க்கச் சின்ன டார்ச் வேண்டும். கடையில் பார்த்ததெல்லாம் பின்பக்க பட்டன்தான். ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா? — ஒரு செவிலியர்

பதில்: பின்பக்க பட்டன் பெரும்பாலும் 'டக்' என்று சத்தம் போடும். பகலில் காதில் விழாது. ராத்திரி இரண்டு மணிக்கு, அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளியின் தலைமாட்டில் நன்றாகவே விழும். சத்தத்துக்குக் காரணம், அது உண்மையான இயந்திர சுவிட்ச். பேட்டரியின் மொத்த கரண்டும் அதற்குள்ளேயே போகிறது. உள்ளே ஸ்பிரிங் பூட்டி நிற்பதுதான் அந்த 'டக்'. பக்கவாட்டில் வருகிற மின்னணு பட்டன் வேறு வகை. அது சர்க்யூட்டுக்கு ஒரு சேதி மட்டும் சொல்லும், கரண்டைத் திறப்பதும் மூடுவதும் உள்ளேயிருக்கும் சிப்பின் வேலை. அதனால் மெதுவாக அமுங்கும், சத்தம் குறைவு.

உங்களுக்கு அதைவிட முக்கியம், அமுக்கியதும் முதலில் எந்த வெளிச்சம் வருகிறது என்பது. பளிச்சென்று தொடங்கிப் பிறகு மங்குகிற டார்ச் வார்டுக்கு உதவாது. நோயாளிக்கும் கண் கூசும், இருட்டுக்குப் பழகிய உங்கள் கண்ணும் சில நிமிடத்துக்குக் கெட்டுப்போகும். கடைசியாக வைத்த வெளிச்சத்தை நினைவில் வைக்கிறதா, அல்லது பட்டனை அழுத்திப் பிடித்தால் மங்கலாகத் தொடங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பின்பக்க பட்டனே பிடித்திருக்கிறதென்றால், முழுதாக அமுக்காமல் பாதி அமுக்கினாலே எரிகிற வகை ஒன்று உண்டு. விரலை வைத்திருக்கும்வரை எரியும், எடுத்தால் அணையும், பூட்டாததால் சத்தமும் வராது. சார்ட்டை ஒரு பார்வை பார்க்க அருமை. ஆனால் கடையில் தொங்குகிற மலிவு ரகத்தில் பெரும்பாலும் எதிர் வகைதான் இருக்கும். அதைப் பாதி அமுக்கினால் ஒன்றும் நடக்காது, அமுக்கி விட்டால்தான் எரியும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பெட்டியிலும் எழுதியிருக்காது. அமுக்கிப் பார்ப்பது ஒன்றே வழி.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து நல்ல டார்ச் ஒன்று கொண்டுவந்தான். 18650 என்கிற, சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி, பக்கவாட்டு பட்டன். பீரோவில் வைத்திருந்தேன். நாலைந்து மாதம் கழித்து எடுத்தால் சார்ஜ் சுத்தமாக இல்லை. இன்னொரு தடவை, ஊருக்குப் போகும்போது பைக்குள் தானாக எரிந்து துணியெல்லாம் சூடாகிவிட்டது. பொருளே மோசமா? — குடியாத்தம் வாசகி

பதில்: இரண்டுக்கும் காரணம் அந்த மின்னணு பட்டன். மெதுவாக அமுங்குவதால் பைக்குள் எதாவது பட்டாலே எரிந்துவிடும். சார்ஜ் தீர்ந்தது வேறு விதத்தில். மின்னணு பட்டனை நீங்கள் எப்போது தொடுவீர்கள் என்று சிப் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் துளி கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 3000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் கரண்ட் 0.05 மில்லி ஆம்பியராக இருந்தால் அது தீர 60,000 மணி நேரம், ஆறு ஆண்டுக்கு மேல். அதே கரண்ட் 1 மில்லி ஆம்பியர் என்றால் 3,000 மணி நேரம், அதாவது நாலே மாதம். நீங்கள் முழு சார்ஜ் ஏற்றித்தான் வைத்தீர்கள் என்றால், உங்கள் டார்ச் இரண்டாவது ரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்பக்க இயந்திர சுவிட்சில் இந்தத் தொல்லை கிடையாது, அணைத்தால் இணைப்பே அறுந்துவிடும்.

வைத்தியம் எளிது. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். மரையின் மேல் சாயம் ஏறியிருந்தால், உடம்பு என்ன நிறமோ அதே நிறத்தில் மரையும் இருக்கும்; அப்படிப்பட்ட டார்ச்சில் கால் சுற்றிலேயே இணைப்பு விட்டுவிடும். மரை வெள்ளி போலப் பளபளவென்று இருந்தால் விடாது, பேட்டரியைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். தளர்த்திவிட்டு பட்டனை அமுக்குங்கள். எரியவில்லை என்றால் இனி பீரோவிலும் பாதுகாப்பு, பைக்குள்ளும் பாதுகாப்பு. மின்னணுப் பூட்டு இருக்கிற டார்ச்சும் உண்டு. பட்டனை இத்தனை தடவை தட்டினால் பூட்டும் என்று கூட வருகிற தாளில் இருக்கும். பை சூடானதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியில் முழு வெளிச்சத்தில் எரிகிற டார்ச், துணியோடு ஒட்டிக் கிடந்தால் துணியைப் பொசுக்கக்கூடியது. அடுத்தமுறை வாங்கும்போது, பட்டன் உடம்பை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கிறதா, குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழியில் இருப்பது பைக்குள் எளிதில் தானாக அமுங்காது. ஆனால் இருட்டில் விரலுக்கும் சீக்கிரம் அகப்படாது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு, சுற்றிலும் மேடான வளையம் உள்ள பெரிய பட்டனைத்தான் சொல்வேன்.

கேள்வி: நண்பர்களோடு பர்வதமலை ஏறப் போகிறோம். பின்பக்க சுவிட்சா, பக்கவாட்டு சுவிட்சா? — ஆரணி

பதில்: இரண்டும் வேண்டாம். கடப்பாரைப் படியிலும் சங்கிலியிலும் இரண்டு கையும் தேவைப்படும். நெற்றியில் கட்டுகிற ஹெட்லைட் வாங்குங்கள். பட்டன் மேல்பக்கம் இருக்கட்டும். எந்த நேரத்தில் ஏற விடுகிறார்கள் என்பதை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாலாஜாபேட்டையில் வாங்கிய டார்ச், இரண்டே வாரத்தில் எரிந்து எரிந்து அணைகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். அவ்வளவுதானா? — ராணிப்பேட்டை வாசகர்

பதில்: அவ்வளவு இல்லை. ஆனால் சண்டைக்குப் போகும் முன் பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சுவிட்சைப் பிடித்து நிற்கும் வளையம் ஒன்று இருக்கும், அதில் எதிரெதிரே இரண்டு சின்னக் குழி. பேட்டரி மாற்றி மாற்றி அது தளர்ந்துவிடுவது வழக்கம். அந்தக் குழிகளில் இடுக்கி முனையை வைத்து வலப்பக்கம் இறுக்குங்கள். மரையையும் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பல டார்ச்சுக்கு இதற்கு மேல் மருந்து தேவைப்படாது.

அப்படியும் சரியாகவில்லை என்றால் அது குறையுள்ள பொருள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். அச்சடித்த அந்த வரி சட்டத்தை மாற்றிவிடாது. முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும்: 'பட்டன் வைத்திருக்கிற இடம் எனக்கு வசதியாக இல்லை', 'ஒவ்வொரு தடவையும் மோடு மாறுகிறது' என்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் குறை ஆகாது. அதற்காகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் தருகிற திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். கடையில் வாங்கினால் பேட்டரி போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகப் பிடிக்கிற கையால் நாலு தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். பெட்டியையும் எடுத்து வையுங்கள். விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி எல்லாம் அதில்தான் அச்சடித்திருக்க வேண்டும், மனு போடும்போது எதிர்த்தரப்பின் முகவரி என்ற கட்டத்தில் எழுத அது தேவைப்படும்.