ஆரோகணம் தெரிகிறது, ராகம் வரவில்லையே!

வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். ராகங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டீச்சர், கீபோர்டில் தோடி ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை (சுரங்கள் ஏறும், இறங்கும் வரிசையை) தப்பில்லாமல் வாசிக்கிறேன். கேட்பவர்களோ "சிந்துபைரவியா?" என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: உங்கள் விரலில் தவறில்லை. தோடியின் காந்தாரம் (க) ஒரே கட்டையில் உட்காருகிற சுரம் அல்ல. பெயர் என்னவோ சாதாரண காந்தாரம்தான். ஆனால் பாடும்போது ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் தோடி போய்விடும். வீணையில் கம்பியை இழுத்து அந்த அசைவைக் கொண்டுவரலாம். நாகஸ்வரத்தில் மூச்சாலும் விரலாலும் வளைக்கலாம். சாதாரணக் கீபோர்டு பாவம், அதற்கு அந்த வசதி கிடையாது. நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டு, காந்தாரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிறகு அதை வாயால் பாடிப் பழகுங்கள். வாசிப்பது அப்புறம்.

கேள்வி: ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் புத்தகத்தில் ஒரே ஆரோகணம், ஒரே அவரோகணம் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டுக்கும் சரிமபதச, சநிதபமகரிச, சுரஸ்தானங்களும் (சுரங்கள் நிற்கும் இடங்களும்) ஒன்றே. ஆனாலும் ஒன்றைப் பாடும்போது மற்றது தலைகாட்டினால் சபையில் முகம் சுளிப்பார்கள்.

ஆரபி விறுவிறுப்பானது. கன ராகம் (கம்பீரமான வகை) என்பதால் தானம் (தாளமில்லாமல், லய நடையோடு ராகத்தை விரிப்பது) வாசிக்கத் தோதானது. அதில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் (நி) தொட்டதும் விட்டுவிட வேண்டும். அங்கே நின்றால் ஆரபி கெட்டது. தேவகாந்தாரிக்கு அவசரமே கிடையாது. கமகத்தோடு (சுரத்தை அசைத்து) நீட்டி, நிதானமாக இறங்கி வரும் பிடிகளில்தான் (ராகத்துக்கே உரிய சுரக்கோவைகளில்தான்) அது உயிரோடு இருக்கிறது. என் மாணவர்கள் தேவகாந்தாரியில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே, அடுத்த வரி ஆரபி வாசலில் போய் நிற்கும். பிடிகளைக் காதால் வாங்காமல் ஆரோகணத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: பன்னிரண்டு சுரஸ்தானத்தில் 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) எப்படி வந்தது?

பதில்: ரிஷபம் மூன்று, காந்தாரம் மூன்று. ஆனால் சில இடங்களுக்கு இரட்டைப் பெயர்: சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம். இடம் மோதாமல் ரி, க இரண்டையும் ஆறு விதமாகச் சேர்க்கலாம். த, நி இரண்டுக்கும் அதே ஆறு. ஆறாறு 36. மத்தியமம் சுத்தம், பிரதி என இரண்டு, ஆக 72. பதினேழாம் நூற்றாண்டில் இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகி போட்ட கணக்கு இது. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவர் சொன்ன மேளங்களோ 19தான்! கணக்கில் எல்லாமே ராகம் ஆகலாம். பாடிப் பாடித்தான் ராகம் ஆகிறது.

கேள்வி: மேளத்தின் பெயரிலேயே எண் இருக்கிறதாமே?

பதில்: ஆமாம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை. முதல் இரண்டு எழுத்துகளின் எண்களைத் திருப்பிப் போட வேண்டும். மேசகல்யாணியில் மே 5, ச 6; திருப்பினால் 65. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, ஆக 15. கல்யாணிக்கு முன்னால் "மேச" ஒட்டியதே இந்த எண்ணுக்காகத்தான். இது வடமொழி எழுத்துக் கணக்கு. தமிழில் ஒரே "க" நான்கு ஒலிக்கு நிற்பதால் சில பெயர்களில் இடிக்கும்.

கேள்வி: குழந்தைகளுக்கு ஏன் மாயாமாளவகௌளையிலேயே தொடங்குகிறார்கள்?

பதில்: புரந்தரதாசர் வகுத்த வழி என்பது மரபு. காரணமும் இருக்கிறது: சரிகம எந்த இடைவெளியில் ஏறுகிறதோ, பதநிச அதே இடைவெளியில் ஏறுகிறது. பாதியைப் பிடித்தால் மீதி தானாக வரும்.

கேள்வி: கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம் என்கிறார் ஒருவர், இந்தோளம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரி. எதை ஷட்ஜமாக (ச) வைத்தார்கள் என்று கேளுங்கள். நாலரைக் கட்டையை (F#) ஷட்ஜமாக வைத்தால் மோகனம். அதன் காந்தாரமான ஆறரையை (A#) ஷட்ஜமாக்கினால் இந்தோளம். ரிஷபத்திலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி, பஞ்சமத்திலிருந்து (ப) சுத்த சாவேரி, தைவதத்திலிருந்து (த) சுத்த தன்யாசி. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். தம்புரா ஆப்பை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சுருதி இல்லாவிட்டால் எது ஷட்ஜம் என்று காது குழம்பும்.

கேள்வி: காம்போதியில் கைசிகி நிஷாதம்தானே (தாழ்ந்த நி)? என் குரு ஓரிடத்தில் காகலி (உயர்ந்த நி) பாடுகிறார்.

பதில்: "சநிபதச" என்ற பிடியில்தானே? அங்கே காகலிதான். தாய் மேளமான ஹரிகாம்போதியில் இல்லாத அந்நிய சுரம். அதனால்தான் காம்போதியைப் பாஷாங்க ராகம் என்கிறோம். அந்தப் பிடியை விட்டு வேறு இடத்தில் காகலியைப் போட்டுப் பாருங்கள், உங்கள் குருவே நிறுத்துவார்.