வலி மாத்திரை பழகிப்போனால் அடிமையா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வலி சிகிச்சைப் பிரிவில் 19 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஓபியாய்டு வகை வலி மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பயத்தில் எழுதியவை. அதனால் அவசரமில்லாமல் பதில் சொல்கிறேன். மார்ஃபின், கோடீன், டிரமடால், டபென்டடால், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் எல்லாம் இந்தக் குடும்பம். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் இதில் சேராது. உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாவிட்டால் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அதில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயரும் தனியாக அச்சிட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

சுமதி: அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து நாளைக்கு டிரமடால் கொடுத்திருக்கிறார்கள், சிஸ்டர். இரண்டு வேளை போட்டதற்கே குமட்டல், தலைசுற்றல். நிறுத்திவிடலாமா?

இந்த மருந்துகளை ஆரம்பித்த முதல் சில நாட்களில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் நிறையப் பேருக்கு வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வாந்திக்கு மருந்து தருவார், அல்லது அளவைக் குறைப்பார். வலி பாராசிட்டமாலுக்கே கட்டுப்படுகிறது என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்தலாம். இரண்டு மூன்று நாள் மட்டும் போட்டதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை பொதுவாக இருக்காது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா? டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு சேரும்போது நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம். டாக்டருக்கு இது தெரியாமல் இருந்தால் இன்றே சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி பாத்ரூமுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். இந்த மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் உண்டு.

கணேசன்: மூன்று வாரமாக மார்ஃபின். வலி பரவாயில்லை, ஆனால் மலச்சிக்கல் உயிரை எடுக்கிறது. நார்ச்சத்துப் பொடி சாப்பிட்டும் பயனில்லை.

பொடியை நிறுத்துங்கள். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. நகராத குடலில், போதுமான தண்ணீரும் இல்லாமல் பொடி போனால் அது கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். குமட்டல், தூக்கக் கலக்கத்துக்கெல்லாம் உடம்பு பழகிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு மட்டும் பழகவே பழகாது. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதனால்தான் ஓபியாய்டு ஆரம்பிக்கிற அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும் என்கிறோம். சென்னா, பிசகோடில் மாதிரி குடலை அசைக்கும் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் போகவில்லை என்றால் தகவல் சொல்லுங்கள். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு பெரியவர் இந்தத் தொந்தரவை எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மார்ஃபினைத் தானாகவே நிறுத்திவிட்டு வலியில் சுருண்டு கிடந்தார். கூச்சமே வேண்டாம், நாங்கள் தினமும் பேசுகிற விஷயம்தான் இது.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: முதுகுவலிக்கு எட்டு மாதமாக இந்த மாத்திரை போடுகிறேன். போன வாரம் வெளியூரில் மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுநாளே உடம்பெல்லாம் முறுக்கி வலித்தது, வயிற்றுப்போக்கு, ஒரு பொட்டுத் தூக்கமில்லை. நான் அடிமையாகிவிட்டேனா?

இந்தக் கேள்வியை எழுதவே உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலை நேரம், எங்கள் பிரிவின் வாசல் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கொட்டாவிமேல் கொட்டாவி. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே இருந்தார். கையில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. "சளி பிடிச்சிருக்கு சிஸ்டர்" என்றார். கண்ணைப் பார்த்தேன், கண்மணி அகலமாக விரிந்திருந்தது. கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "முந்தாநாள் தீர்ந்துபோச்சு." அவருக்குச் சளியும் இல்லை, அவர் அடிமையும் இல்லை. மாதக்கணக்கில் தினமும் வந்த மருந்து திடீரென்று வராமல் போனதில் உடம்பு தவித்தது. உங்களுக்கு நடந்ததும் அதுதான். தினமும் தொடர்ந்து எடுத்தால் யாருடைய உடம்பும் இப்படிச் சார்ந்துவிடும். சில மணி நேரத்திலேயே வேகம் தணிந்துவிடும் மாத்திரைகளில் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் இது தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும்.

அடிமைத்தனம் வேறு. வலிக்கு என்று தொடங்கியது மனசு சரியில்லாதபோதும் தேவைப்படுவது, எண்ணிக்கையைத் தாண்டிப் போட்டுவிட்டுக் கணக்கை மறைப்பது, இரண்டு டாக்டரிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது, வேலையும் உறவும் கெடுகிறது என்று தெரிந்தும் விட முடியாமல் போவது. இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று நேர்மையாக யோசியுங்கள். நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர்களில் 8 முதல் 12 சதவீதம் பேர் அடிமையாவதாக 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. அதாவது பெரும்பாலானோர் அடிமையாவதில்லை. ஆனால் பத்தில் ஒருவர் என்பது சின்ன எண்ணும் இல்லை. குடி, புகை, வேறு போதைப் பழக்கம் முன்பு இருந்தவர்களுக்கும், குடும்பத்தில் அது உள்ளவர்களுக்கும், மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும், இளவயதுக்காரர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

அவரே மறுபடியும்: அப்படியென்றால் எப்படி நிறுத்துவது? இந்த வாரமே விட்டுவிடத் தயார்.

தயவுசெய்து வேண்டாம். திடீரென்று நிறுத்தச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் டாக்டர்களுக்கே எச்சரிக்கை விட்டது. தாங்க முடியாத வலி, மனமுடைந்து போவது, தற்கொலை வரை நடந்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் குறைப்பதே பலருக்குத் தாங்கும் வேகம். எட்டு மாதம் எடுத்த உங்களுக்கு என்ன வேகம் என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் சிரமமாக இருந்தால் அதே அளவில் சில வாரம் நின்றுவிட்டு மறுபடி குறைக்கத் தொடங்கலாம், தப்பே இல்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நீங்களாக உடைத்துப் பாதியாக்காதீர்கள். உடைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

இதை மட்டும் மறக்கவே கூடாது. குறைத்த பிறகோ விட்ட பிறகோ ஒரு நாள் வலி அதிகமாகி, பழைய அளவை அப்படியே போட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பு தாங்கிய உடம்பு இப்போது தாங்காது. குறைக்கக் குறைக்க வீட்டில் மிஞ்சும் மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

செல்வம்: மூட்டுத் தேய்மானம். டாக்டர் டிரமடால் ஆரம்பிக்கலாமா என்கிறார். சரி சொல்லலாமா?

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 240 பேரில் பாதிப் பேருக்கு ஓபியாய்டு, மீதிப் பேருக்கு மற்ற வலி மருந்துகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நடமாட்டத்தில் இரு பக்கமும் வித்தியாசமில்லை. வலி ஓபியாய்டு எடுத்தவர்களுக்குத்தான் சற்றே அதிகம். பக்கவிளைவுகளும் அவர்களுக்கே கூடுதல். நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு நரம்புகள் வலியை முன்பைவிடக் கூர்மையாக உணரத் தொடங்கிவிடும். ஹார்மோன் குறைந்து தாம்பத்திய ஆர்வம் போவது, மாதவிடாய் தவறுவது எல்லாம் உண்டு. யாரும் அதை மாத்திரையோடு சேர்த்து யோசிப்பதில்லை.

அதனால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: இதற்கு முன் வேறு எதையெல்லாம் முயன்று பார்க்கலாம்? ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவோம்? நிறுத்தும் தேதியை ஆரம்பிக்கும்போதே பேசுங்கள். ஆறு மாதம் கழித்துப் பேசுவது பத்து மடங்கு கஷ்டம்.

"டாக்டர் கொடுத்தால் அடிமையாக மாட்டோம்" என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு துண்டுக் கடிதமும் காரணம். 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது. வீட்டில் மாதக்கணக்கில் எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். ஆக்ஸிகோடோன் மருந்தை ஆக்ஸிகான்டின் என்ற பெயரில் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதை, அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று தவறாகச் சொல்லி விற்றதாக 2007இல் அதை விற்ற பர்டியூ குழும நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை குடும்பங்கள்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரேவதி: அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் என்றாலே "கடைசிக் கட்டமா?" என்று அழுகிறார். அடிமையாகிவிடுவேன் என்றும் பயப்படுகிறார். என்ன சொல்வது?

நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவின் மார்ஃபினை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அவருடைய வலி வேறு, கணக்கும் வேறு. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் அடிப்படை மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலிருந்தே சொல்லி வருகிறது. நோய் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வலி இருந்தால் கொடுப்பதே தவிர, கடைசி நாள் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. சரியான அளவில் கொடுத்தால் சாவைச் சீக்கிரம் வரவழைக்காது.

வாரக்கணக்கில் ஒரே பக்கமாகச் சுருண்டு படுத்திருந்த ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஆரம்பித்து மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சீப்பு கேட்டார். தலையைத் தானே வாரிக்கொண்டார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கைகால் திடீர் திடீரென்று வெட்டினாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபின் உடம்பில் தேங்கும்.

மும்தாஜ்: இந்த மாத்திரையோடு தூக்க மாத்திரையும் போடலாமா?

எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இரண்டும் தெரியாமல் கூடாது. அல்பிரசோலம், டயஸிபாம், மது மூன்றும் மூச்சை மந்தமாக்கும். ஓபியாய்டும் அதையே செய்யும். சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். நரம்பு வலிக்குத் தரும் கேபபென்டின், பிரிகேபலினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. குறட்டையோடு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருந்தால் இன்னும் கவனம்.

லதா: பாட்டிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச். அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், டாக்டரிடம் சொல்லுங்கள். கழற்றிய பேட்சில் மூன்று நாள் கழித்தும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே வைத்து மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் எடுத்து ஒட்டிக்கொண்டு இறந்திருக்கிறார்கள்.

தீபா: எனக்குக் கொடுத்த கோடீன் இருமல் மருந்து மிச்சம் இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்குக் கொஞ்சம் தரலாமா?

ஒரு சொட்டும் வேண்டாம். கோடீன் ஈரலில் மார்ஃபினாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது மிக வேகமாக நடக்கும், யாருக்கு என்று பார்த்துத் தெரியாது. 12 வயதுக்குக் கீழ் கோடீன் கூடாது. பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் கூடாது.

ஹரி: தம்பிக்கு விபத்துக்குப் பிறகு கொடுத்த மாத்திரை. இரண்டு வருடம் ஆகிறது. மாதச் சீட்டு பத்து நாளில் காலி, கேட்டால் சண்டை. பணமும் காணாமல் போகிறது. அடித்தால் திருந்துவானா?

அடிக்காதீர்கள், அறையில் பூட்டியும் வைக்காதீர்கள். பூட்டி வைத்தால் பத்து நாளில் தாங்குதிறன் போய்விடும், வெளியே வந்து பழைய அளவைப் போட்டால் பிழைக்காமலே போகலாம். இது நோய், இதற்கு மருந்தும் இருக்கிறது. மெத்தடோனும் ப்யூப்ரெனார்ஃபினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005லேயே சேர்ந்தவை. ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். தவிப்பை அடக்கி வேலைக்குப் போக வைக்கிற மருந்து அது, சாவையும் குறைக்கிறது. போதை மீட்பு சிகிச்சை தரும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவன் நிதானமாக இருக்கும்போது "நீ கஷ்டப்படுறது தெரியுது, நானும் கூட வர்றேன்" என்று ஆரம்பியுங்கள். பணத்தைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

அதுவரை ராத்திரி அவனைப் பாருங்கள். வழக்கமில்லாத கரகரப்பான குறட்டை, நிமிடத்துக்கு எட்டு பத்து மூச்சு, கண்மணி ஊசிமுனை மாதிரி சிறுத்திருப்பது, உதடு நீலம். அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து கையில் இருந்தால் கொடுங்கள். அது 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும், அதனால் எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். நலோக்சோன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரைப் பார்க்கும் முதல் நாளே கேளுங்கள்.