பற்றரி மாற்றியபின் றேடியோ ‘கோட்’ கேட்கிறதா? செட் பழுதில்லை

வணக்கம் தம்பி. மாங்குளத்தில் பற்றரி மாற்றிய பிறகு உங்கள் பழைய ஹொண்டா சிவிக்கின் றேடியோ ‘கோட்’ என்று மட்டும் காட்டுகிறது, மூன்று தரம் 0000 அடித்தும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் அறுந்தால் யாரோ கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து அது தன்னைப் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் இரகசிய இலக்கம்தான் ‘கோட்’, அவ்வளவுதான்.

முதலில் குத்துமதிப்பாக இலக்கம் அடிப்பதை நிறுத்துங்கள். பத்துத் தரம் பிழைத்தால் ‘எரர்’ வந்துவிடும். அப்படி வந்தால் றேடியோவைப் போட்டபடியே ஒரு மணித்தியாலம் விடவேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பழைய செட்டுகள் என்றால் இரண்டாவது பிழையிலேயே பூட்டிவிடும்.

சரி, கோட் எங்கே? டாஷ்போர்ட் பெட்டிக்குள் சின்ன ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். கைநூலோடு வந்த அட்டையையும் தேடுங்கள். முன்னைய சொந்தக்காரரிடம் ஒருக்கால் கேளுங்கள், பலருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

இல்லையென்றால், சாவியைத் திருப்பி, றேடியோவை நிறுத்தி, 1, 6 பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அமத்தியபடி பவரைப் போடுங்கள். பல ஹொண்டா செட்டுகளில் றேடியோவின் தொடரிலக்கம் திரையில் வரும், கழற்றத் தேவையில்லை. அதையும் செஸி நம்பரையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் ஹொண்டா முகவரிடம் காட்டினால் கோட் எடுத்துத் தருவார்கள். முன்பணம் கேட்கும் இணையத்தளங்களை நம்பாதீர்கள்.

கிடைத்ததும் வீட்டில் எழுதி வையுங்கள், காருக்குள் வேண்டாம். திரையில் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.