ஒன்றரை மடங்கு வேகத்தில் பயம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் நெடுங்கண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தேவாரம். பேய்ப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் 1979இல் வந்த, வேற்றுக்கிரக ஜந்து ஒன்று விண்கப்பலில் ஆட்களை வேட்டையாடும் ‘ஏலியன்’ படத்தை ஓரிடத்தில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் படத்தை வைத்து 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ என்ற வீடியோ கேமைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதைப் பற்றி ஆளாளுக்குச் சொல்வதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஐ.ஜி.என். என்ற கேம் விமர்சனத் தளம் 10க்கு 5.9 போட்டிருக்கிறது. பி.சி. கேமர் என்ற பத்திரிகை 100க்கு 93 கொடுத்து, அந்த வருடத்தின் சிறந்த கேம் என்றும் அறிவித்தது. ஆடுகிறவர்களும் இரண்டு கட்சி. “அந்த ஜந்துவைக் கொல்லவே முடியாது, எங்கே போனாலும் நம்மையே சுற்றுகிறது, இது போங்காட்டம்” என்கிறார்கள். “நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியவில்லை, இழு இழு என்று இழுக்கிறார்கள்” என்கிறார்கள். இன்னொரு பக்கம், இதைவிடப் பயமான கேம் பூமியில் கிடையாது என்று சத்தியம் செய்கிறார்கள்.

எனக்குப் பயமே வரவில்லை. யூடியூபில் ஒருவர் பேசிக்கொண்டே ஆடுவதை முழுக்கப் பார்த்தேன். ரொம்ப நீளம் என்பதால் 1.5 வேகத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்த பயத்தில் கால்வாசிகூட இல்லை. சினிமாவிலிருந்து எடுக்கும் கேம் எதுவும் உருப்படாது என்று நினைக்கிறேன். 2013இல் வந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மெரீன்ஸ்’ வாங்கிய அடி உங்களுக்கும் தெரிந்திருக்கும். இவர்களில் யார் சொல்வதை நம்புவது அக்கா? வீடியோ கேமையெல்லாம் கலை என்று சொல்லலாமா?

கொஞ்சம் ஏலக்காய் அனுப்பியிருக்கிறேன். எட்டு எம்.எம். காய்.

ர., நெடுங்கண்டம்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் காரணம், கொஞ்ச நாளாக நானே ராத்திரியில் அந்தக் கேமைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். கொச்சியில் வேலை பார்க்கும் மகன் பழைய லேப்டாப்பை இங்கே கம்பத்தில் போட்டுவிட்டுப் போனான். அதில் கிடந்தது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை நடுராத்திரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘அய்யோ’ என்று கத்துவதைக் கேட்டு வீட்டுக்காரர் ஒரு தடவை எழுந்து வந்து பார்த்தார். அப்புறம் வருவதில்லை.

கலையா இல்லையா என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். நாடகம் ஆடியவர்களை அப்படிக் கேட்டார்கள், சினிமா எடுத்தவர்களை அப்படிக் கேட்டார்கள். கேட்டவர்கள் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. கலோனியல் மெரீன்ஸ் சொதப்பல்தான், அதில் சண்டைக்கு வரவில்லை. அதன் ஜந்துக்கள் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நின்று சாகும். சில வருடம் கழித்து, அதன் ஃபைல் ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்துவிட்டால் ஜந்துக்களுக்குக் கொஞ்சம் புத்தி வருகிறதாம். ப்ரூஃப் பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காத பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

இனி நான் உங்களைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

பயம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி வரும்? நீங்கள் ஆடவே இல்லையே. ஆடுகிறவனை வேடிக்கை பார்த்தீர்கள். அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினீர்கள். அதற்கு மேல் ஒரு மனிதர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடியிருந்தால் கேட்டிருக்கும் சத்தங்களில்தான் தம்பி அந்தக் கேமே இருக்கிறது.

‘சேவ் பண்ண முடியவில்லை’ என்ற புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் பழைய டெலிபோன் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். போய் அட்டையைச் செருக வேண்டும். உடனே பதிவாகாது. விளக்கு ஒன்று எரியும், பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. அதுவரை அங்கேயே நிற்க வேண்டும். பின்னாலிருந்து அந்த ஜந்து வந்து உங்களைக் கொன்றுபோட்டால் கேம் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். மொத்தமே சில நொடிதான். அந்த சில நொடியில் தலைக்கு மேலே காற்றுக்குழாயில் தகரம் நெளியும் சத்தம் கேட்டால், அட்டையை உருவிக்கொண்டு ஓடுவதா, இன்னும் ஒரு விளக்குதானே என்று நிற்பதா? இந்த இடத்தில்தான் கைவிரல் வியர்க்கிறது. நீங்கள் அந்த நொடிகளில் மூன்றில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அவர் பேச்சுக்கு நடுவில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

இதை நான் லேசில் விடப்போவதில்லை. இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். என் கதையைக் குரல்பதிவாகப் போட்டிருந்தார்கள். ‘டபுள் ஸ்பீடில் கேட்டேன், நன்றாக இருந்தது’ என்று ஒருவர் எழுதினார். எது நன்றாக இருந்தது என்று கேட்டேன். பதிலில்லை. கதை என்ன என்று தெரிந்துகொள்ள வேகம் உதவலாம். பயத்துக்கு உதவாது. பயத்தில் நடப்பது ஒன்றுமே கிடையாது. நடக்கப் போகிறது என்று காத்துக் கிடப்பதுதான் அது. காத்திருப்பதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கடைசியில் வரும் ஒரு ‘பே’ மட்டும். அதற்குக் கைக்குழந்தைதான் பயப்படும்.

‘ஏலியன்’ படத்தை எடுத்த ரிட்லி ஸ்காட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படத்தில் அந்த ஜந்துவைச் சில நிமிடம்தான் கண்ணில் காட்டுவார். கிகர் என்ற ஓவியர் வரைந்த உருவம். பொலாஜி படேஜோ என்ற நெட்டையான நைஜீரியக்காரர் அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடித்தார். முழுசாகப் பார்க்க விடாமல் வாய், வால், கை என்று துண்டு துண்டாகக் காட்டினார்கள். சினிமாவில் அது முடியும். எங்கே வெட்டுவது என்று எடிட்டர் கையில் இருக்கிறது. கேமில் எடிட்டர் கிடையாது. தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஆடுகிறவர் இஷ்டம். கண்ணிலிருந்து மறைக்க வழியில்லை என்றதும் இவர்கள் காதைப் பிடித்துக்கொண்டார்கள். கையில் ஒரு கருவி தருகிறார்கள், எதிரே ஏதாவது அசைந்தால் புள்ளி காட்டும். ஆனால் அது நம் தளத்தில் இருக்கிறதா, மேலே குழாய்க்குள் இருக்கிறதா என்று சொல்லாது. அதைப் பார்க்கும்போது எதிரே இருப்பது மங்கிவிடும். கிட்டத்தில் வந்துவிட்டால் அந்தக் கருவியின் ‘பீப்’ சத்தமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே கொஞ்ச நேரத்தில் கருவியைக் கீழே இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளப் பழகுவீர்கள். குழாயில் இருந்தால் ஒரு சத்தம். தரையில் இறங்கிவிட்டால் கனமான காலடி. உங்களைப் பார்த்துவிட்டால் கீச்சென்று ஒரு அலறல். அதைக் கேட்டபின் ஓடிப் பிரயோசனமில்லை.

இரும்பு அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளலாம். அது வெளியே நின்று மோந்து பார்க்கும். அப்போது ஒரு பட்டனை அழுத்திப் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும். ரொம்ப நேரம் அடக்கினால் உடம்பு நோகும். முதல் தடவை அதைச் செய்தபோது நானும் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன் இந்த மாதிரி அடக்கியது சின்ன வயதில், பூப்பாறையில்.

எங்களுக்குப் போடி. காய் எடுக்கும் காலத்தில் அம்மா போடிமெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போவாள். தினம் ஜீப்பில் போய்வருகிறவர்கள் உண்டு. நாங்கள் தோட்டத்து ஆட்களுக்கான லயத்திலேயே தங்கிக்கொள்வோம். பள்ளிக்கூடம் லீவு என்றால் என்னையும் கூட்டிப்போவாள். மண்சுவர், மேலே தகரம். ஒரு ராத்திரி வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாய் பாதியில் நிறுத்தியது. அம்மா சிம்னியை ஊதி அணைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். எத்தனை கழுவினாலும் போகாத ஏலத்தட்டைப் பச்சை வாடை அந்தக் கையில்.

யானை நடக்கும் சத்தம் கேட்காது தம்பி, நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், தெரிந்திருக்கும். கேட்பதெல்லாம் வேறு. வாழை முறிகிற சத்தம். காதை விசிறுகிற சத்தம். அதன் வயிற்றுக்குள்ளிருந்து வரும் ஓர் உறுமல், அது காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். அடுத்த அறையில் இருந்த அத்தைக்கு காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையால் ஓயாத இருமல். அன்றைக்கு முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள் என்று காலையில் சொன்னாள். பக்கத்துச் சுவரில் இருந்துகொண்டு அவள் இருமவில்லை என்பதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யானை எங்கள் சுவரில் உடம்பைத் தேய்த்தது. மண் உதிர்ந்து என் கால்மேல் விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட காலை அசைக்கவில்லை. கடைசி அறை ஜன்னலைப் பெயர்த்து அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு அது போய்விட்டது.

காலையில் சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ‘ஒற்ற ஆனை வந்ததுக்கா இத்தனை பேச்சு’ என்று தமிழும் மலையாளமுமாகக் கேட்டுவிட்டு எட்டு மணிக்கு வேலையில் இறங்கச் சொன்னார். அவர் பயமில்லாதவர் அல்ல. அந்த ராத்திரி அவர் பங்களாவில் இருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் கேமில் ஒரு வசதி உண்டென்று படித்தபோது எனக்கு அத்தைதான் ஞாபகம் வந்தாள். டிவியில் ஆடும் கேம் பெட்டிகளான பிளேஸ்டேஷன் 4இல் அதன் கேமராவையும், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கினெக்ட் என்ற கருவியையும் இணைத்துவிட்டால், அவற்றின் மைக் வழியாக உங்கள் அறையில் எழும் சத்தம் அந்த ஜந்துக்குக் கேட்கும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து இருமினால் அங்கே அது திரும்பிப் பார்க்கும். இந்தக் கேமை உருவாக்கியவர்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்குமா? என் லேப்டாப்பில் அந்த வசதி இல்லை. இல்லாததே நல்லது.

2023 மே கடைசியில் அரிக்கொம்பன் எங்கள் கம்பம் தெருக்களுக்குள் வந்ததே, அப்போதும் இதைத்தான் பார்த்தேன். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை. கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. 144 தடை போட்டார்கள். ஊருக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு யானை. அதே நேரத்தில் வாட்ஸாப்பில் ஓடிய வீடியோவில் இன்னொரு யானை. என் தம்பி மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டு, ‘செம காமெடி அத்தை, எல்லாரும் எப்படி ஓடுறாங்க பாத்தீங்களா’ என்றான். அவனை அன்றைக்குத் திட்டியதைவிட உங்களைக் கம்மியாகத்தான் திட்டியிருக்கிறேன்.

போங்காட்டம் என்ற புகாரில் பாதி உண்மை இருக்கிறது. அந்த ஜந்துவுக்கு இரண்டு மூளை வைத்திருக்கிறார்கள். ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் கீழே அலைகிற ஜந்துவிடம் அதைச் சொல்லாது, ‘அந்தப் பக்கமாகப் போய்ப் பார்’ என்று குத்துமதிப்பாகக் கை காட்டும். மிச்சத்தை ஜந்து தன் கண்ணாலும் காதாலும்தான் தேட வேண்டும். நீங்கள் ரொம்பத் திணறிப் போனால் மேல்மூளையே அதைக் கொஞ்ச நேரம் குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். நம்மையே சுற்றுகிறது என்பது மெய்தான், சுற்றத்தான் வைத்திருக்கிறார்கள். கொல்ல முடியாததைப் பற்றிப் புகார் சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நெருப்பைக் காட்டி விரட்டலாம், அது போதும். நீளம் என்பது நியாயமான புகார். பின்பாதியில் ‘முடிந்தது’ என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு வேலை சொல்கிறார்கள், எனக்கே அலுத்தது.

5.9ஆ 93ஆ என்று கேட்டீர்கள். நான் ஆடிப் பார்த்ததில் தெரிந்தது இது: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், பழைய சேவிலிருந்து அதே நடையை மறுபடி நடக்க வேண்டும். முதல் சாவில் பயம். அப்புறம் அப்புறம் எரிச்சல். எரிச்சல் வந்தபின் பயம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. அவசரமாக ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி சாவு வருகிறது, அதனால் சீக்கிரமே எரிச்சலும் வந்துவிடுகிறது. நின்று கேட்டு நடக்கிறவர்கள் அபூர்வமாகச் சாகிறார்கள், அவர்களுக்குக் கடைசிவரை பயம் குறைவதில்லை. இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டு கட்சியிலும் இடமில்லை, ஆடினால்தான் உறுப்பினர் அட்டை.

ஆகவே வாங்கி ஆடுங்கள். பழைய கேம், தள்ளுபடியில் அடிக்கடி போடுகிறார்கள். ‘ஹார்ட்’ நிலையில் ஆடுங்கள், செய்தவர்களே அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஹெட்போன் கட்டாயம். கடையில் வாடிக்கையாளர் வரும்போது நிறுத்தி நிறுத்தி ஆடினீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று 2024 அக்டோபரில் சொல்லியிருக்கிறார்கள். அது வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

ஏலக்காய் வந்து சேர்ந்தது. மணம் அருமை, பாயசத்துக்குப் போட்டாயிற்று. ஆனால் எட்டு எம்.எம். என்று சொல்லி விற்றவர் உங்களை ஏமாற்றிவிட்டார் தம்பி. அது ஏழு. நானும் எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா