இரண்டு நடுவர்கள்

அன்புள்ள ஐயா,

கூத்தில் இரணியன் வேடம் கட்டுபவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டு வயதிலிருந்து டிவியில் மல்யுத்தம் பார்க்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அங்கே மேலதிகாரிதான் வில்லன். முதலாளி, முதலாளி மகள், மருமகன், ஜெனரல் மானேஜர் என்று ஆள்தான் மாறுகிறது. ஏன் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்? மக்களுக்குப் பிடித்திருப்பதால்தானே? எல்லாம் முன்பே பேசிவைத்த ஆட்டம் என்று என் மனைவி சிரிக்கிறார். இப்போது என் ஏழு வயது மகனும் உடன் உட்கார்ந்து பார்க்கிறான். பார்க்க விடலாமா?

ம., பெருந்துறை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் அவருடைய மில் டோக்கன் கிடந்தது. பித்தளை வில்லை, எண் பாதி தேய்ந்துபோயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்துப் பார்த்ததும், நீங்கள் கேட்டிருப்பதும் ஒன்றுதான். அதனால் உடனே எழுதுகிறேன்.

பேசிவைத்த ஆட்டம் என்ற பேச்சை முதலில் தள்ளிவிடுகிறேன். இரணியன் வேடம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரம் கலையாமல் டீக்கடையில் நிற்பதைச் சிறுவயதில் பார்த்தவன் நான். அதற்காக இரவில் அவர் குடல் சரிந்து விழுந்தபோது பயப்படாமல் இருந்தேனா? இந்தக் கேள்வியை இனி யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

ஆனால் "மக்களுக்குப் பிடித்திருப்பதால்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. இருபது வருடம் பார்த்த ஒருவர் எழுதுகிற வரியா இது? சமைத்தவன் சோற்றைக் குழைத்துவிட்டு, சாப்பிட்டவன் நாக்கின்மேல் பழி போடுவதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அமெரிக்காவில் மிக அதிகமானவர்கள் பார்த்த மல்யுத்த ஒளிபரப்பு எது தெரியுமா? 1988 பிப்ரவரி 5 அன்று ஹல்க் ஹோகனும் ஆந்த்ரேயும் மோதிய ஆட்டம். சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் கொடுங்கோல் முதலாளி என்று ஒருவருமே இல்லை.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல நினைப்பது முழுக்க அதற்குள் இருக்கிறது. ஹோகன் நான்கு வருடமாக சாம்பியன். டெட் டிபியாஸி என்ற பணக்காரனுக்கு அந்தப் பட்டம் வேண்டும். ஜெயிக்க முடியாது, அதனால் வாங்கப் பார்க்கிறான். ஆந்த்ரேயை விலைக்கு வாங்கி மோதவிடுகிறான். தோள் இரண்டும் தரையில் படிந்திருக்க நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி. ஆட்டத்தில் ஹோகனின் தோள் தரையை விட்டு எழும்பிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள். நடுவர் மட்டும் மூன்று வரை எண்ணி முடிக்கிறார். சாம்பியன் பெல்ட் ஆந்த்ரேவிடம் போய், அடுத்த நிமிடமே டிபியாஸியின் கைக்குப் போகிறது. அப்போது அரங்கின் உள்ளிருந்து இன்னொரு நடுவர் ஓடிவருகிறார். அதே முகம், அதே சட்டை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைத்து, சண்டை போட்டுக்கொள்கிறார்கள். டேவ் ஹெப்னர், ஏர்ல் ஹெப்னர் என்ற இரட்டைச் சகோதரர்கள் அவர்கள். கதைப்படி, ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்து முகத்தையே அறுவை சிகிச்சையில் மாற்றிக் கூட்டிவந்திருந்தான் டிபியாஸி.

ஏன் இத்தனை பாடு என்று யோசியுங்கள். உண்மையான நடுவரை விலைக்கு வாங்க முடியாது என்பதால்தான்! ஆட்டத்தை நடத்திய மல்யுத்த நிறுவனத்தில் ஜாக் டன்னி என்றொரு தலைவர் இருந்தார். எப்போதாவது வருவார், சிரிக்க மாட்டார், தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பட்டத்தை விற்கவோ வாங்கவோ முடியாது, இனி அது யாருக்கும் இல்லை, போட்டி நடத்தி முடிவு செய்வோம் என்று அறிவித்தார். அவ்வளவுதான் அவர் வேலை. அவர் நேர்மையாக இருந்ததால் அயோக்கியன் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. நடுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கண்ணில் பொடி தூவுவது, இடுப்பில் இரும்புத் துண்டை ஒளித்து வைப்பது எல்லாம் அந்த நேர்மைக்குப் பயந்து பிறந்த வித்தைகள். கூட்டம் "பின்னால் பார், பின்னால் பார்" என்று நடுவரைக் கூப்பிட்டுக் கத்துமே, அது அவர் திரும்பிப் பார்த்தால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த சத்தம்.

ஒன்பது வருடம் கழித்து, 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். அன்றைய சாம்பியன் பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதே நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மஹோன் மேடையோரம் நின்று மணியை அடிக்கச் சொன்னார். மணி அடித்தது. அன்று ஹார்ட்டிடம் பேசிவைத்ததே வேறு, ஏமாற்றப்பட்டது அவர்தான். ஆட்டத்தை முடித்துவைத்த நடுவர் யார்? அதே ஏர்ல் ஹெப்னர். முன்பு ஒருமுறை ஏமாற்ற இரண்டு முகம் தேவைப்பட்டது. இப்போது ஒரு வாய் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் கறையையே வேடமாக்கிக்கொண்டு மக்மஹோன் கொடிய முதலாளியானார். ஸ்டீவ் ஆஸ்டின் என்ற வீரர் அவரை எதிர்த்தார். அது பெரிய கலை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1998 ஏப்ரலில் இருவரும் நேருக்கு நேர் மோதுவார்கள் என்று ஆசைகாட்டிய இரவில், பார்வையாளர் எண்ணிக்கையில் 83 வாரமாக முந்திக்கொண்டிருந்த எதிர்ப்போட்டி நிகழ்ச்சியை அவர்கள் ஜெயித்தார்கள். வந்தது வினை. ஒருமுறை நன்றாக விளைந்தது என்று அதே காட்டில் அதே வெள்ளாமையை வருடாவருடம் போட்டால் மண் என்ன ஆகும்? உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலதிகாரி வேடத்தில் 2002இல் எரிக் பிஷாஃப், பிறகு விக்கி கெரேரோ, லாரினைட்டிஸ், 2013இல் மக்மஹோனின் மகளும் மருமகனும், 2018இல் பாரன் கார்பின். இடையில் அவர்களை எதிர்த்த டேனியல் பிரையன் என்ற வீரர் 2014இல் ஜெயித்தபோது மட்டும் மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தது. கடைசியில் 2018 டிசம்பரில் மக்மஹோன் குடும்பமே மேடையேறி, தவறு செய்துவிட்டோம், இனி ரசிகர்களே அதிகாரம் என்றது. அதற்குப் பிறகும் மேலதிகாரி வேடங்கள் ஓயவில்லை.

இப்போது அப்பா. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். அறுந்த நூலைப் பிணைப்பது வேலை. வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் கேபிள் வந்த பிறகு இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் என்னோடு வந்து திண்ணையில் உட்காருவார், ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஒருநாள் முதலாளியின் காருக்குள் ஆஸ்டின் லாரி கொண்டுவந்து சிமெண்ட் கலவையைக் கொட்டினார். கார் நிரம்பிக் கண்ணாடி நொறுங்கியது. அப்பா சிரித்தார். தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். பஞ்சுத் தூசி பிடித்த நெஞ்சு, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கண்ணில் நீர் வழிந்தது. அந்த வீட்டு அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மில்லில் அவருக்கு எதிரே கத்துகிறவர் யாரும் இல்லை, தம்பி. அதுதான் கொடுமை. ஒரு மாதம் ஆறு நாள் சம்பளம் குறைந்தது. சூப்பர்வைசர் தோளைத் தொட்டு, "நான் என்ன செய்வேன், மேலே சொன்னார்கள்" என்றாராம். மானேஜரும் அதையே சொன்னாராம். அடிக்க ஒரு முகம்கூட இல்லாத மனிதருக்கு டிவியில் ஒரு முகம் கிடைத்தது. அன்றைய சிரிப்பு அதுதான்.

சில வருடங்களில் மில்லை மூடினார்கள். அப்பாவுக்கு நேரம் நிறைய இருந்தது, எங்கள் வீட்டிலும் டிவி வந்திருந்தது. ஒரு மாலை, கோட்டுப் போட்ட இன்னொரு மேலதிகாரி மேடையில் நின்று அரை மணி நேரம் பேசினான். யாரும் மோதவில்லை. அப்பா எழுந்து, "இவனைத்தான் முப்பது வருடம் பார்த்தேனே" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதன்பிறகு அவர் பார்க்கவில்லை.

நீங்கள் சூப்பர்வைசர் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். பீஸ் கணக்கில் தகராறு வந்தால் "மேலே சொன்னார்கள்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். இதைக் கடிந்து சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

மகன் விஷயத்தை மறந்தேவிட்டேன். பார்க்கட்டும். பக்கத்தில் நீங்கள் இருங்கள், மேசை மீதிருந்து குதிக்க விடாதீர்கள். முதலில் அந்த 1988 ஆட்டத்தைத் தேடிப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது நடுவர் ஓடிவரும் இடத்தில் நிறுத்தி, இதில் எவர் நிஜமானவர் என்று அவனைக் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.